மொட்டை பிக்கப் வாங்கலாமா? வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவில் ஸ்லேட் ஆட்டோ நிறுவனம் 2025 ஏப்ரலில் அறிமுகம் செய்த மின்சார பிக்கப் டிரக் பற்றி நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. இரண்டு கதவு, இரண்டு இருக்கை, பெயிண்ட் அடிக்காத சாம்பல் நிற பிளாஸ்டிக் உடம்பு, கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி. பெரிய திரையும் ஸ்பீக்கரும் கிடையாது. வேண்டியதை வாங்குபவர் தன் வசதிப்படி சேர்த்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் அளவுகள் நிறுவனம் 2025-இல் அறிவித்தவை. 2026 கடைசியில் வண்டிகளைக் கொடுக்கத் தொடங்குவது என்பது அப்போது சொன்ன திட்டம்.

கேள்வி: ரேடியோகூட இல்லாத வண்டிக்கு ஏன் இவ்வளவு பேச்சு? இல்லாததையெல்லாம் பெருமையாகச் சொல்கிறார்களே?

இல்லாததால்தான் விலை இறங்குகிறது. கார் தொழிற்சாலையில் அதிகச் செலவும் மின்சாரமும் இடமும் விழுங்கும் பகுதிகளில் ஒன்று பெயிண்ட் பிரிவு. உடம்பை அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் செய்து, நிறத்தை அதிலேயே கலந்துவிட்டால் அந்தப் பிரிவே தேவையில்லை. தகட்டை அழுத்தி வடிவமாக்கும் ராட்சத பிரஸ்களும் வேண்டாம். எல்லா வண்டியும் ஒரே மாதிரி வெளியே வருவதால், எந்த வண்டிக்கு எந்த ஒயரிங், எந்த இருக்கை என்று பிரித்து அடுக்கும் வேலையும் போகிறது.

வாங்குபவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. இன்றைய கார்களில் நடுத்திரை செத்தால் ஏசியைக்கூடத் திருப்ப முடியாமல் போகிற நிலை இருக்கிறது. இதில் ஏசி உண்டு, அதற்குத் திருகும் குமிழ்கள் உண்டு. ஸ்டியரிங் பின்னால் ஒரு சிறிய திரையும் இருக்கிறது. ரிவர்ஸ் கேமரா 2018 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் புது வண்டிகளுக்குக் கட்டாயம் என்பதால் அந்தப் படம் அதில் தெரியும். ஏர்பேக், தானியங்கி அவசர பிரேக் ஆகியவற்றில் கைவைக்கவில்லை. அது சரியான முடிவு.

அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீளம் 174.6 அங்குலம், அதாவது ஏறக்குறைய 4.43 மீட்டர். ஃபோர்டின் பெரிய பிக்கப்பான நான்கு கதவு எஃப்-150 ஒன்று 19 அடியைத் தாண்டும். சாதாரண வீட்டு கராஜில் சிரமமில்லாமல் நிற்கும் புது பிக்கப் அமெரிக்காவில் அரிதாகிவிட்டது. இதை வேண்டுமென்று கேட்பவர்கள் பலர் அதற்காகவே கேட்கிறார்கள்.

கேள்வி: முதலில் 20 ஆயிரம் டாலருக்குள் என்றார்கள். பிறகு 25 ஆயிரத்தை ஒட்டி வரும் என்றார்கள். ஏன் இப்படி?

முதலில் சொன்ன தொகை 7,500 டாலர் மத்திய வரிச் சலுகையைக் கழித்த பிறகு வருவது. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி அந்தச் சலுகை 2025 செப்டம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது. வண்டி ஏறவில்லை, தள்ளுபடி போய்விட்டது.

ஆனால் மற்ற வண்டிகளோடு ஒப்பிடும்போது கணக்கு மாறுகிறது. ஃபோர்டின் சிறிய பிக்கப்பான மேவரிக் ஹைப்ரிட் 28 ஆயிரம் டாலரைச் சுற்றித் தொடங்குகிறது. நாலு கதவு, ஐந்து பேர் உட்காரலாம், 2,000 பவுண்டு இழுக்கும், இழுவைப் பொதி சேர்த்து வாங்கினால் 4,000. வாரத்தில் நான்கு நாள் பின்சீட்டில் பிள்ளைகள் உட்காருவார்கள் என்றால் மேவரிக்கைப் பாருங்கள் என்றுதான் சொல்வோம். இரண்டு பேர், கொஞ்சம் சாமான், வீட்டிலேயே சார்ஜ் என்று இருப்பவருக்குத்தான் ஸ்லேட் கணக்கு ஒத்துவரும்.

கேள்வி: 150 மைல் பேட்டரி போதுமா? 240 மைல் எடுக்க வேண்டுமா? பிறகு மாற்றிக்கொள்ளலாம்தானே?

மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு மட்டும் வாங்காதீர்கள். இந்த வண்டியில் நிறம், ஸ்பீக்கர், உயரம், பின்சீட்டு எல்லாம் பிறகு வரலாம். பேட்டரியும் வண்டி தாங்கும் எடையும் வாங்கும் நாளிலேயே முடிவாகிற சமாச்சாரம்.

சின்ன பேட்டரி 52.7 யூனிட், பெரியது 84.3 யூனிட். இரண்டையும் மைலால் வகுத்துப் பாருங்கள், யூனிட்டுக்கு சுமார் 2.85 மைல் வரும். ஊருக்குள் அது கிடைக்கலாம். நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது, இப்படிப் பெட்டி மாதிரி இருக்கிற வண்டிக்கு 2.3 என்று வைத்துக்கொள்வதே பத்திரம். அப்படியானால் சின்ன பேட்டரி சுமார் 120 மைல், பெரியது சுமார் 195.

தூரப் பயணத்தில் அதுவும் முழுதாகக் கிடைக்காது. விரைவு சார்ஜர் 20 சதவீதத்திலிருந்து 80 வரைதான் வேகமாக ஏற்றும். அதற்கு மேல் பேட்டரியே வேகத்தைக் குறைத்துவிடும். இடையில் உள்ள 60 சதவீதம் என்பது சின்ன பேட்டரிக்கு 73 மைல். ஒரு மணி நேரம் ஓட்டி, அரை மணியை ஒட்டி நிற்க வேண்டும், மறுபடி ஒரு மணி. பெரியதில் 115 மைலுக்கு மேல், அதாவது ஒன்றே முக்கால் மணிக்கு ஒரு தரம் நின்றால் போதும். சார்ஜ் துளை டெஸ்லா பயன்படுத்தும் அதே வடிவம் என்பது நல்ல விஷயம். சார்ஜ் ஏறும் உச்ச வேகம் 120 கிலோவாட்.

கடுங்குளிரில் இன்னும் 30 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் எஞ்சின் வீணாக்கும் சூடே அதன் ஹீட்டருக்குப் போதும். மின்வண்டி அந்தச் சூட்டையும் பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எனவே உங்கள் மிகக் கஷ்டமான நாளை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரி நாளை அல்ல. ஜனவரி, நெடுஞ்சாலை, பின்னால் சாமான், போய்வர எத்தனை மைல்? 70-க்குள் என்றால் சின்னதே தாராளம். 100-ஐத் தாண்டினால் மற்ற ஆசைகளை ஒத்திப்போட்டு அந்தப் பணத்தில் பெரிய பேட்டரியை எடுங்கள்.

கேள்வி: தோட்ட வேலைக்குச் சரளைக்கல், மரப்பட்டைத் தூள், பிளைவுட் எல்லாம் ஏற்றலாமா? சின்ன டிரெய்லரும் இருக்கிறது.

தாங்கும் எடை 1,433 பவுண்டு. இந்த எண்ணில் ஓட்டுபவரும் அடக்கம் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு பெரியவர்கள் சேர்ந்து 350 பவுண்டு என்றால் மிச்சம் 1,083. நீங்கள் பிறகு பூட்டும் கூரை, ரேக், பின்சீட்டு, கருவிப்பெட்டி எல்லாம் இதிலிருந்துதான் கழியும்.

சரளைக்கல் ஒரு கன கஜம் ஏறக்குறைய 2,700 பவுண்டு. அரை கஜமே 1,350. கடைக்காரர் இயந்திரக் கரண்டியால் ஒரு வாரு வாரிப் போட்டால் பல சமயம் அரை கஜம் விழுந்துவிடும், வண்டி அங்கேயே பின்பக்கம் உட்கார்ந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு கஜம் என்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். மரப்பட்டைத் தூள் காய்ந்திருந்தால் ஒரு முழு கஜம்கூட எடை தாங்கும், மழையில் நனைந்தது ஒன்றரை மடங்கு கனக்கும். 80 பவுண்டு கான்கிரீட் மூட்டை என்றால் இரண்டு பேர் உட்கார்ந்த வண்டியில் 13, அதோடு நிறுத்த வேண்டும். கனமானதைக் கேபினை ஒட்டி வையுங்கள். பின் அச்சுக்குப் பின்னால் எடை விழுந்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஸ்டியரிங் லேசாகிவிடும், பிரேக் பிடிக்கும்போது அது தெரியும்.

பின்தட்டு 5 அடி. 8 அடி பிளைவுட் பின்கதவைத் திறந்து போட்டால் 3 அடி தட்டைத் தாண்டி நிற்கும். திறந்த கதவு அதில் ஒரு பகுதியைத் தாங்கும். முன்னால் குறுக்காக ஒரு பட்டை, பின்னால் ஒரு பட்டை என்று இரண்டு இடத்தில் ராட்செட் போட்டு இறுக்குங்கள், நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள். எத்தனை அடி நீட்டலாம் என்ற விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

டிரெய்லர்தான் இந்த வண்டியின் பலவீனம். இழுக்கும் எடை 1,000 பவுண்டு மட்டுமே, அதுவும் டிரெய்லரின் சொந்த எடையைச் சேர்த்து. 350 பவுண்டு டிரெய்லர் என்றால் 650 பவுண்டு சாமான். டிரெய்லரின் மூக்கு கொக்கியில் அழுத்தும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருந்தால்தான் ஆடாமல் வரும். அந்த 100, 150 பவுண்டையும் 1,433-இல் கழியுங்கள். உயரமான மூடிய டிரெய்லர் என்றால் போகும் தூரம் பாதியாகவும் குறையலாம். எடையைவிடக் காற்றுத் தடைதான் அதற்குக் காரணம். படகு, கேரவன் வைத்திருப்பவர்கள் இந்த வண்டியை நினைக்கவே வேண்டாம்.

கேள்வி: நிறம் மாற்ற ஃபிலிமை நாமே ஒட்டலாம் என்கிறார்கள். முன்னனுபவம் இல்லாதவர்களுக்கு வருமா? எங்கே தப்பு நடக்கும்?

வரும், அவசரப்படாமல் செய்தால். தப்பு பெரும்பாலும் ஒட்டும்போது நடப்பதில்லை, அதற்கு முன்னால் துடைக்கும்போது நடந்துவிடுகிறது.

இந்த உடம்பு பாலிப்ரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக். பசை எளிதில் பிடிக்காத பொருள் அது. பெயிண்ட் அடித்த தகட்டுக்கென்று விற்கும் மலிவு ஃபிலிமை இதில் ஒட்டினால் முதல் நாள் பளிச்சென்று இருக்கும், மூன்றாம் வாரம் ஓரம் தூக்கும். இந்த உடம்புக்கென்றே தயாரித்ததை, அல்லது பாலிப்ரொப்பிலீனுக்கு ஏற்ற வலுவான பசை என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுப்பதை வாங்குங்கள். திரவமாக ஊற்றிச் செய்யும் காஸ்ட் வினைல் வேண்டும். உருளைகளில் நசுக்கி இழுத்துச் செய்யும் காலண்டர்டு வினைல் வளைவுகளில் பழைய வடிவுக்குச் சுருங்கப் பார்க்கும்.

சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒரு கை துடைக்க, அது ஆவியாகும் முன் மறு கை காய்ந்த துணியால் எடுக்க வேண்டும். தானாக ஆவியாகவிட்டால் கரைந்த எண்ணெய் அங்கேயே மறுபடி படிந்துவிடும். பிளாஸ்டிக்கைப் பளபளப்பாக்கும் சிலிக்கான் ஸ்பிரே ஒரு தடவை பட்டிருந்தாலும் பசை நிற்காது. பேனல் ஓரம் உள்பக்கம் மடியும் கால் அங்குல விளிம்பு இருக்கிறதே, அழுக்கு தங்குவது அங்கேதான், ஃபிலிம் தூக்குவதும் அங்கேதான். விரலில் துணியைச் சுற்றி அதை இரண்டு தடவை துடையுங்கள்.

கராஜ் கதவை மூடி, 65 முதல் 75 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் வேலை செய்யுங்கள். தட்டையாக இருக்கும் பின்கதவில் கைபழகுங்கள், முன் பம்பரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிலிமை நடுவில் டேப் போட்டு நிறுத்தி, ஒரு பாதியின் பின்தாளை மட்டும் உரித்து, நுனியில் கம்பளித் துணி ஒட்டிய ஸ்க்வீஜி என்ற தேய்ப்புத் தட்டை 45 டிகிரி சாய்த்து நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் மேல் பாதி ஏற வேண்டும். சுருக்கம் விழுந்தால் அழுத்தாதீர்கள். தூக்குங்கள், லேசாகச் சூடு காட்டுங்கள், சுருக்கம் தானே மறையும், மறுபடி வையுங்கள். பள்ளமான இடத்தில் ஃபிலிமை இழுத்து நிரப்புவது தொடக்கக்காரர் எல்லோரும் செய்வது. இழுத்தது ஒரு வெயிலில் விலகிவிடும். பள்ளத்தின் அடியில் முதலில் வைத்து, அங்கிருந்து மேலே ஏற்றுங்கள்.

கடைசியில் விளிம்புகளை மட்டும் சூடாக்கி வடிவத்தைப் பழக்க வேண்டும். பல காஸ்ட் ஃபிலிம்களுக்கு இது 200 ஃபாரன்ஹீட்டை ஒட்டி வரும். தகட்டில் சூடான காற்று வீசும் ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடித்தாலும் தப்பிக்கலாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும். எனவே கையை நகர்த்திக்கொண்டே, அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். பேனலின் மேல் கத்தி வைக்காதீர்கள். கத்தியில்லாமல் வெட்டும் நூல் டேப் கிடைக்கிறது. இரண்டு நாள் கழுவக் கூடாது. அதன் பிறகும் பிரஷர் வாஷரை ஓரங்களுக்கு நேராகக் காட்டக் கூடாது.

பக்கவாட்டில் ஒட்டியதைவிட பானெட்டின் மேல் ஒட்டியது சீக்கிரம் வெளிறும். வெயில் நேராக விழும் இடம் அது. வெளிறத் தொடங்கியதுமே உரித்துவிடுங்கள். காய்ந்து வெடித்த பிறகு உரித்தால் நகம் அளவுத் துண்டுகளாகத்தான் வரும்.

கேள்வி: ஃபிலிமே ஒட்டாமல் சாம்பல் நிறத்திலேயே விட்டால்?

விடலாம். நிறம் உள்வரை ஒன்றே என்பதால் கீறல் பளிச்சென்று காட்டாது, துருவும் பிடிக்காது. கடையில் சாமான் தள்ளும் வண்டி மோதி உண்டாகும் சின்னப் பள்ளம் பெரும்பாலும் தானே நிமிர்ந்துவிடும்.

அந்த நிமிர்வதில்தான் ஒரு ஆபத்தும் இருக்கிறது. கொஞ்சம் பலமாகவே மோதியிருந்தால், வெளியே பிளாஸ்டிக் பழையபடி நிற்கும், உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் வளைந்திருக்கும். மோதிய பிறகு பேனல் இடைவெளியை இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள், பேனலைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் விட்டால் வழக்கமான பாடி ஃபில்லர் இதில் பிடிக்காது. பாலிப்ரொப்பிலீன் கம்பியால் வெல்டு செய்யலாம், அல்லது பேனலையே மாற்றலாம். போல்ட்டில் நிற்கும் பேனலை மாற்றுவது பல நேரம் மலிவாகவே முடியும்.

பேனல்களுக்கு நடுவே இடைவெளி சற்று அகலமாக இருப்பதைக் குறையாக எடுக்க வேண்டாம். பிளாஸ்டிக் வெயிலில் இரும்பைவிட அதிகம் விரியும். ஜெனரல் மோட்டார்ஸின் சாட்டர்ன் கார்கள் 1990-லிருந்து பிளாஸ்டிக் பேனலோடு வந்தபோதும் இதே இடைவெளி இருந்தது. பழைய கார்களின் கறுப்பு பம்பர் வெளிறிப் போவது போல இதுவும் பல வருட வெயிலில் மங்கக்கூடும். நிழலில் நிறுத்துவது உதவும்.

கேள்வி: எஸ்யூவி ஆக்கும் பொதியை வீட்டிலேயே பூட்டலாமா?

கூரை, பக்கக் கண்ணாடிகள், பின்சீட்டு, பாதுகாப்புச் சட்டம், ஏர்பேக் எல்லாம் சேர்ந்த பொதி அது. ஐந்து பேர் உட்காரலாம். நிறுவனம் நாமே பூட்டும்படி வடிவமைத்திருப்பதாகச் சொல்கிறது. எங்கள் கருத்து: இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் பிடித்துப் பழகாதவர்கள் இதை மட்டும் பட்டறைக்குக் கொடுங்கள். சீட்பெல்ட்டும் சீட்டும் பிடிக்கும் போல்ட்டுகள் கையேட்டில் சொன்ன இறுக்கத்தில்தான் இருக்க வேண்டும், கையால் உணர்ந்து இறுக்குவது போதாது. மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்கைச் சேர்ந்தது, 12 வோல்ட் சிறிய பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருக்காமல் அதைத் தொடக் கூடாது. உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு கேபிளை எந்தக் காலத்திலும் தொடக் கூடாது. தரையில் ட்ரில் போடவே போடாதீர்கள், அடியில் பேட்டரி இருக்கிறது.

பூட்டி முடித்த அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இரண்டு இருக்கை என்று பதிவாகியிருக்கும் வண்டியில் ஐந்து பேர் போகும்போது விபத்து நடந்தால் பேச்சு நீளும்.

கேள்வி: ஸ்பீக்கருக்கும் பாட்டுக்கும் என்ன வழி?

எளிய வழி ஒரு புளூடூத் ஸ்பீக்கர். நிரந்தரமாக ஆம்பிளிஃபையர் பூட்டுவதானால் 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வையுங்கள், வண்டி அணைந்ததும் அதுவும் அணைகிறதா என்று பாருங்கள். மின்வண்டியில் 12 வோல்ட் பேட்டரி வற்றினால், பெரிய பேட்டரி முழுதாக இருந்தாலும் வண்டி உயிர் பெறாது. போனை ஏசி காற்று படும் இடத்தில் மாட்டுங்கள். வெயிலில் வழி காட்டிக்கொண்டே சார்ஜும் ஏறினால் போன் கொதித்து, திரை மங்கி, சார்ஜை நிறுத்திவிடும்.

கேள்வி: வீட்டில் சாதாரண பிளக் மட்டும் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் 48 ஆம்ப் சார்ஜர்தான் வேண்டும் என்கிறார்.

120 வோல்ட் பிளக் 12 ஆம்பில் இரவு 10 மணி நேரத்துக்கு 14 யூனிட் தரும். இழப்பு போக 12 ஏறும், சுமார் 34 மைல். தினம் 30 மைல் ஓட்டுபவருக்கு இதுவே போதும்.

அதற்கு மேல் வேண்டுமானால் 240 வோல்ட், 40 ஆம்ப் பிரேக்கரில் 32 ஆம்ப் சார்ஜர் போடுங்கள். 7.7 கிலோவாட் வரும், சின்ன பேட்டரி காலியிலிருந்து ஒரே இரவில் நிரம்பிவிடும். 48 ஆம்புக்கு 60 ஆம்ப் பிரேக்கர் வேண்டும். அங்கேதான் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சுவருக்குள் ஓடும் பிளாஸ்டிக் உறைக் கேபிளில் 6 கேஜ் செம்பு 55 ஆம்ப்தான் தாங்கும் என்று கணக்கு. அந்த 60 ஆம்ப் பிரேக்கருக்கு அது போதாது, அதில் 48 ஆம்ப் இரவு முழுக்க ஓட்டுவது விதிப்படி தப்பு. அதைவிடத் தடிமனான 4 கேஜ், அல்லது குழாய்க்குள் தனி ஒயர்களாக 6 கேஜ் வேண்டும். எந்தக் கேபிள் போடுகிறீர்கள் என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பிளக் பாயின்ட் வைப்பதானால் அடுப்புக்கென்று விற்கும் மலிவானதை விட்டு, தொழிற்சாலைத் தரத்தில் வாங்குங்கள். மலிவானது மாதக்கணக்கில் சூடாகிச் சூடாகி உருகிய கதைகள் நிறைய.

கேள்வி: உயரம் கூட்டிப் பெரிய டயர் போட ஆசை.

டயர் விட்டம் 5 சதவீதம் கூடினால் ஸ்பீடோமீட்டர் 5 சதவீதம் குறைவாகக் காட்டும். போகும் தூரமும் குறையும். உயரம் மாறினால் அவசர பிரேக்குக்கான சென்சார் பார்க்கும் கோணமும் மாறும், அதை மறுபடி சரிசெய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். நிறுவனத்தின் பொதி என்றால் அந்த வழியும் அதோடு வரும் என்று எதிர்பார்க்கலாம். வெளியில் வாங்கியதற்கு அப்படி எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: புது நிறுவனம். நாளை மூடிவிட்டால்? 50 டாலர் கட்டி வைக்கலாமா?

பயம் நியாயமானது. மின்வண்டி நிறுவனங்களான லார்ட்ஸ்டவுன் 2023-லும், ஃபிஸ்கர் 2024-லும், கனூ 2025-லும் திவால் மனு கொடுத்தன. ஃபிஸ்கர் வாங்கியவர்களை அதிகம் வாட்டியது உதிரிபாகமும் மென்பொருளும். ஸ்லேட்டில் மென்பொருள் குறைவு, டயர், பிரேக், சஸ்பென்ஷன் வேலைகள் எந்தப் பட்டறையிலும் நடக்கும். ஆனால் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டரோ ஒரு பேனலோ வேறு எங்கும் கிடைக்காது.

50 டாலர் திரும்பக் கிடைக்கும் முன்பணம், அதைக் கட்டுவதில் கஷ்டமில்லை. முழுப் பணம் கட்டும் முன் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பேட்டரி உத்தரவாதம் எத்தனை வருடம், உங்கள் ஊரிலிருந்து எத்தனை மைலில் உயர் மின்னழுத்தம் தொடப் பயிற்சி பெற்ற பட்டறை, முன் பம்பர் ஒன்றின் விலை என்ன.

கேள்வி: கையால் சுற்றும் கண்ணாடி உண்மையிலேயே வசதியா ஐயா?

ஓட்டுபவர் பக்கம் ஒரு குறையும் இல்லை, மோட்டார் எரியாது, சுவிட்ச் கெடாது. தனியாகப் போகும்போது பக்கத்து இருக்கைப் பக்கம், அதாவது வலது பக்கம், உள்ள கண்ணாடியை ஓட்டிக்கொண்டே இறக்க முடியாது. நின்று, எட்டிச் சுற்ற வேண்டும். அடிக்கடி தனியாகப் போகிறவர்கள் பவர் விண்டோவைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். சோதனை ஓட்டத்தின்போது சீட்பெல்ட் போட்டபடியே உங்கள் கை அந்தக் கைப்பிடிக்கு எட்டுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.